இந்திர லால் ராய்

இந்திர லால் ராய் (டிசம்பர் 2, 1898 – ஜூலை 22, 1918) முதலாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையில் பணியாற்றிய இந்தியப் போர் வானோடி ஆவார். கல்கத்தாவில் பிறந்த இவர், இலண்டன் செயின்ட் பால் பள்ளியில் பயின்றார்.

18 வயது நிறைந்ததும் அரச பறக்கும் படையில் அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தார். பிரித்தானியப் படைகளில் இந்தியருக்கு அதிகாரிப் பதவி கிடைப்பது மிக அரிதாயிருந்த காலம் அது. ஆயினும், விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணம் கண்பார்வைக் குறைபாடே. ராய் தமது மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். முந்தைய முடிவு மாற்றப்பட்டது. ஜூலை 5, 1917 இல் இரண்டாம் லெப்டினன்டாக நியமிக்கப்பட்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் இவரது வானூர்தி விழுந்து நொறுங்கியது. மருத்துவர்கள் இவரைப் பறக்கத் தகுதியற்றவர் என்றனர். இம்முறையும் இவர் விடாது வற்புறுத்தினார். ஜூன் 1918 இல் 40 ஆம் படைப்பிரிவில் சேர்ந்த ராயின் கணக்கில், அடுத்த மாதம் 13 நாட்களுக்குள் 10 வான்வெற்றிகள் பதிவாயின (அவற்றுள் இரண்டு பிறருடன் பகிர்ந்தவை). பார்வை போதாதென ஒதுக்கப்பட்டவருக்கு இது சிறிய கணக்கன்று.

ஜூலை 22 அன்று பிரான்சின் கார்வன் நகருக்கு மேலே நடந்த வான்சண்டையில், தமது 19 ஆவது வயதில் கொல்லப்பட்டார். சிறப்புப் பறத்தல் சிலுவை விருது செப்டம்பர் 1918 இல் இவருக்கு வழங்கப்பட்டது. இவரது கல்லறை எஸ்தவெல் என்னும் ஊரில் உள்ளது.