மோட்டார் செய்த மேதை ஜி.டி.நாயுடு

1931-ம் ஆண்டு. சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. கரி இல்லை, புகை இல்லை. பெட்டிகளை இழுத்தவை மின்சார மோட்டார்கள்!

அந்தக் காலத்தில் மோட்டார் என்றால் அது சீமைச் சரக்கு. இந்தியாவில் அதைச் செய்வார் இல்லை.

6 ஆண்டுகள் கழிந்தன. 1937-ல் கோவையை அடுத்த பீளமேட்டில் ஒரு மோட்டார் சுழன்றது. இந்தியாவின் முதல் மோட்டார் என்று பெயர் பெற்றது அதுதான். அதன் பின்னால் நின்றவர் என்ஜினீயரிங் பட்டம் பெற்றவர் அல்ல. கல்லூரி வாசலையே மிதிக்காதவர். அவர்தான் ஜி.டி.நாயுடு.

ஓட்டல் தொழிலாளி

கோவைக்கு அருகில் உள்ள கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். "ரட்ஜ்" என்ற வண்டி அது. மாடும் குதிரையும் இல்லாமல் வண்டி ஓடுவதை இளைஞர் நாயுடு வியப்போடு பார்த்தார். அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

கையில் பணம் ஏது? கோவைக்கு வந்தார். ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். கழற்றியதைத் திரும்பப் பூட்டினார். எந்த உறுப்பு எதற்கு என்று கண்டுகொண்டார். அதுதான் அவர் படித்த கல்லூரி!

பஸ் முதலாளி

1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ்களாகப் பெருகியது. "யு.எம்.எஸ்." என்ற மூன்று எழுத்து கோவை வட்டாரம் எங்கும் பரவியது.

இதற்கிடையே 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா நீர் மின்சாரம் உற்பத்தியானது. அது கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. கிணற்றுத் தண்ணீரை மின்சாரத்தால் இறைக்கலாம் என்ற நிலை பிறந்தது. மின்சாரம் இங்கே, மோட்டார் மட்டும் வெளிநாட்டில்! இந்தக் குறையைப் போக்க நாயுடு முன்வந்தார். டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில் மோட்டாரைச் செய்தார். கோவை பின்னாளில் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற நகரமானது. அதற்கு விதை அங்கே விழுந்தது.

சவரக் கத்திக்கு ஒரு மோட்டார்

கிணற்று மோட்டார் ஒரு ஜாதி என்றால், கைக்குள் அடங்கும் மோட்டார் வேறொரு ஜாதி. நாயுடு அமைத்த "ரேசண்ட்" மின்சார சவரக் கத்தி, சாதாரண பேட்டரிக் கட்டையால் ஓடியது. அதற்கு ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் செய்த சின்னஞ்சிறு மோட்டாரைப் பொருத்தினார். நாட்டிலேயே மோட்டார் செய்தவர், வேலைக்கு எது பொருந்துமோ அதைத் தேர்ந்து எடுக்கத் தயங்கவில்லை.

மோட்டார் விஷயத்தில் முதல் பாடம் இதுதான். பெரிய மோட்டார் எல்லாம் நல்ல மோட்டார் அல்ல. தாம்பரம் ரெயிலுக்கு, நின்ற இடத்தில் இருந்து பெரும் பாரத்தை இழுத்துக் கிளப்பும் மோட்டார் வேண்டும். பம்புக்கு, மணிக்கணக்கில் ஒரே சீராகச் சுழலும் மோட்டார் வேண்டும்.

இன்று தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ, கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டும் சிறிய சி.என்.சி. மில்லிங் யந்திரத்தை வீட்டு மேஜை மீதே செய்ய நினைக்கும் இளைஞருக்கும் இதே கேள்விதான். வெட்டும் கத்தியைச் சுழற்ற வேகம் வேண்டும். மேஜையை நகர்த்தக் கணக்கு வேண்டும். கணக்குக்கு ஏற்றது "ஸ்டெப்பர்" மோட்டார். அது 200 அடிகளில் ஒரு சுற்றை முடிக்கும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் திருகுடன் பூட்டினால், ஓர் அடிக்கு 0.025 மில்லிமீட்டர்!

ஆனால் வேகம் ஏற ஏற அதன் இழுவை குறையும். பாரம் மிஞ்சினால் அடி தவறும். தவறியது அதற்கே தெரியாது. "செர்வோ" மோட்டாரோ, தான் நிற்கும் இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். விலை கூடுதல். "நேமா 17", "நேமா 23" என்ற எண்கள் மோட்டார் முகத்தின் அளவைத்தான் சொல்லும், பலத்தை அல்ல. பாரத்தையும் வேகத்தையும் கணக்கிட்ட பிறகே கடைக்குப் போக வேண்டும்.

கிடைக்காத லைசென்சு

நாயுடு தொட்டதெல்லாம் துலங்கவில்லை. 1952-ல் இரண்டு பேர் செல்லும் சிறிய காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! உற்பத்திக்கு அரசாங்க லைசென்சு கிடைக்கவில்லை. கார் வீதிக்கு வராமலே போயிற்று.

கல்வியிலும் அதே கதை. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்லூரி ஏற்படக் காரணமாக இருந்தார். அதன் பிரின்சிபாலாகவும் பணி ஆற்றினார். என்ஜினீயரிங் படிப்புக்கு 4 ஆண்டு வீண். 2 ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அன்றைய அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை உதறினார். பீளமேட்டில் "ஹோப் காலேஜ்" என்ற பெயர் மட்டும் இன்றும் பஸ் நிறுத்தத்தில் வாழ்கிறது.

அவர் சொன்ன 2 ஆண்டு சரியா, தவறா? கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனால் யந்திரத்தைக் கழற்றிப் பூட்டாமல் யந்திரக் கல்வி நிறையாது என்பதை அவர் வாழ்க்கை காட்டியது.

1967-ல் கோவை அவினாசி சாலையில் தொழிற் பொருட்காட்சி ஒன்றை ஏற்படுத்தினார். யந்திரங்களைப் பொதுமக்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80. அவர் தொடங்கி வைத்த மோட்டார் தொழில், கோவையில் இன்றும் ஓயாமல் சுழன்றுகொண்டு இருக்கிறது.