கீரைச் சத்தை மாத்திரையாக்கியவர்!

குட்டீஸ்! அரசுப் பள்ளியில் வாரம் ஒரு முறை சத்து மாத்திரை தருவார்கள், தெரியும்தானே? கீரனூரானாலும் சென்னையானாலும், 10 வயது முதல் நீல நிற மாத்திரை. அதற்குக் குறைந்த வயதுக்கு இளஞ்சிவப்பு. அதில் இரும்புச் சத்தும், ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் உள்ளன. இந்த வைட்டமினை ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவர், நம் சென்னையில் மருத்துவம் படித்தவர். பெயர், எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே பெரும் துயரம். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு, சகோதரர்கள் இருவரைச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். சாப்பிட்ட உணவின் சத்து உடலில் சேராமல், ரத்தம் குறைந்து உருக்கும் நோய் அது. அவரையும் அது தாக்கியது. ஆயுர்வேத சிகிச்சையால் பிழைத்தார்.

1920-களில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். செலவுக்காக மருத்துவமனையில் இரவு நேர ஊழியராகவும் உழைத்தார். 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அவர் குழு, ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ரத்தசோகை நோயாளிகளுக்கும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது கை கொடுத்தது.

ஆனால், கதை இத்துடன் முடியவில்லை. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு, சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இதே வைட்டமின் வகையைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமாகப் பெருகுவது போல் தெரிந்தது! உடனே நிறுத்தி, அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார். அதைத் தயாரித்துத் தந்ததும் சுப்பாராவ் குழுவே. சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. புற்றுநோய் மருந்துகளுக்கு அது புது வழி திறந்தது. அந்த 1948-ம் ஆண்டிலேயே, 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார்.

பார்த்தீர்களா? ஒருவரைக் காத்த அதே சத்து, இன்னொருவருக்கு ஆகவில்லை! வைட்டமின் டி-யும் அப்படித்தான். அது கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடும். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் கூடும், வாந்தி வரும், சிறுநீரகமும் கெடும். எனவே, மிட்டாய் மாதிரி இருக்கிறதே என்று சத்து மாத்திரையைக் கூடுதலாக விழுங்காதீர்கள். அண்ணனின் மாத்திரையைத் தம்பி எடுக்கக்கூடாது. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டும்தான். பள்ளி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

தட்டில் கீரை வைத்தால் மட்டும் ஒதுக்காதீர்கள். ஃபோலிக் அமிலச் சத்து அதில்தான் நிறைய இருக்கிறது!