கணினியை நூலகம்போல் திறந்துவிட்ட பேராசிரியர்

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசப்படாத நாளே இல்லை என்னும் நிலை இன்று ஏற்பட்டுள்ளது. அது பெரும் வர்த்தக நிறுவனங்களின் படைப்பு என்ற எண்ணமும் பரவலாகக் காணப்படுகிறது. எனினும், அத்துறைக்குப் பெயர் சூட்டப்பட்டதும், கணினி சகல மாணவருக்கும் பொதுவாக்கப்பட்டதும் அமெரிக்காவின் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மத் கல்லூரியின் கணிதத்துறையிலாகும். அவ்விரண்டின்போதும் அத்துறையின் தலைவராக இருந்தவர் ஜோன் கெமெனி.

கெமெனி 1926 மே 31 இல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1938 இல் ஹிட்லரின் படைகள் அயல்நாடான ஒஸ்திரியாவைக் கைப்பற்றின. வரவிருக்கும் ஆபத்தை உணர்ந்த தந்தையார் அவ்வாண்டிலேயே தனியாக அமெரிக்கா சென்றார். 1940 இல் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார். ஊரைவிட்டு வர மறுத்த பாட்டனாரும் வேறு சில உறவினரும் பின்னர் நாஸிகளின் கொடுமைக்குப் பலியாகினர்.

அகதிச் சிறுவனாக நியூயோர்க் வந்த கெமெனி, மூன்றே ஆண்டுகளில் தமது பாடசாலையின் முதல் மாணவராகத் தேறிப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பின் இடையில் 1945 இல் இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டு, அணுகுண்டு தயாரிக்கப்பட்ட லொஸ் அலமோஸில் கணிப்பு வேலையில் ஈடுபடுத்தப்பட்டார். துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இயங்கிய இயந்திரங்களில், ஒரு கணக்கைத் தீர்க்கவே வாரக் கணக்காக இரவு பகலாகப் பலர் உழைக்க வேண்டியிருந்தது. இந்த அனுபவம் அவரது மனதை விட்டு அகலவில்லை. பிரின்ஸ்டனுக்குத் திரும்பிய அவர், அல்பேர்ட் ஐன்ஸ்டைனின் கணித உதவியாளராகவும் பணியாற்றி, 1949 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1953 இல், 27 வயதில், டார்ட்மத் அவரைப் பேராசிரியராக நியமித்தது. 1955 இல் துறைத் தலைவரானார்.

திறமையுள்ள இளைஞர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்வது கெமெனியின் வழக்கமாகும். அவ்வாறு 1955 இல் சேர்க்கப்பட்டவர்தான் ஜோன் மக்கார்த்தி. மனிதனின் அறிவாற்றலை இயந்திரத்தில் உருவாக்க முடியுமா என ஆராய்வதற்கு, வேறு மூன்று அறிஞருடன் இணைந்து அவர் அதே ஆண்டில் தயாரித்த ஆய்வு முன்மொழிவிலேயே செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இடம்பெற்றது. ரொக்பெல்லர் மன்றத்தின் நிதியுதவியுடன் 1956 கோடைகாலத்தில் நடைபெற்ற அந்த ஆய்வரங்கே இத்துறையின் பிறப்பிடமாகக் கொள்ளப்படுகிறது. மனிதனை ஓர் இயந்திரமாக நோக்க முடியுமா என்ற வினாவை 1955 இல் வெளியான தமது கட்டுரையொன்றில் கெமெனியும் ஆராய்ந்திருந்தார்.

ஆயினும், கெமெனியின் கவலை வேறொன்றாக இருந்தது. அக்காலக் கணினிகள் நிபுணர் சிலரின் காவலில் பூட்டிய அறைகளில் இருந்தன. மாணவர் அட்டைக்கட்டை ஒப்படைத்துவிட்டு விடைக்காக நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு கணினியின் நேரத்தைச் சிறு சிறு கூறுகளாக்கிப் பலருக்கும் ஒரே வேளையில் பகிர்ந்தளிக்கலாம் என்ற யோசனையை, கெமெனியின் சகாவான தோமஸ் கேர்ட்ஸிடம் மக்கார்த்தி தெரிவித்தார். இருவரும் அதனைச் செயற்படுத்த முற்பட்டனர். அதற்கான மென்பொருளின் பெரும்பகுதியைப் பட்டதாரிகள்கூட அல்லாத இளம் மாணவர்களே எழுதினர் என்பது குறிப்பிடத்தக்கது.

டார்ட்மத் மாணவரில் பெரும்பாலோர் கலை, சமூக விஞ்ஞானத் துறைகளில் பயின்றவர்கள். நாளை நாட்டின் நிர்வாகத்தையும் வர்த்தகத்தையும் நடத்தவிருப்போர் கணினியை அறியாதிருந்தால், அதைப் பற்றிய முடிவுகளை எவ்வாறு எடுப்பர் என்பதே கெமெனியின் கேள்வி. எனவே, சாதாரண ஆங்கிலச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட பேசிக் என்ற கணினி மொழியை இருவரும் வகுத்தனர். 1964 மே 1 அதிகாலை 4 மணியளவில் அம்மொழியில் எழுதிய நிரல்கள் முதன்முதலில் இயங்கின. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல எந்த மாணவரும் கட்டணமின்றிக் கணினியைப் பயன்படுத்தலாம் என்ற விதி வகுக்கப்பட்டது. தொலைபேசி இணைப்பு வழியாக அயலிலுள்ள பாடசாலைகளுக்கும் இவ்வாய்ப்பு விரிந்தது. 1975 இல் பில் கேட்ஸும் போல் அலனும் ஆரம்பித்த மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் முதல் உற்பத்தியும் பேசிக் மொழியின் ஒரு வடிவமேயாகும்.

பேசிக் மாணவரின் சிந்தனை ஒழுங்கைக் கெடுக்கிறது எனக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா கடுமையாகக் கண்டித்தார். நிபுணரின் நோக்கில் அக்குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால், கெமெனி அம்மொழியை நிபுணருக்காக ஆக்கவில்லை.

1970 முதல் 1981 வரை டார்ட்மத்தின் தலைவராகப் பணியாற்றிய காலத்திலும் அவர் கற்பித்தலைக் கைவிடவில்லை. ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரி 1972 இல் பெண்களுக்குத் திறக்கப்பட்டது. அமெரிக்கப் பூர்வகுடி மாணவருக்குக் கல்வி வழங்குவதாக, 1769 இல் கல்லூரி நிறுவப்பட்டபோது அளிக்கப்பட்டுப் பின்னர் மறக்கப்பட்ட வாக்குறுதியும் புதுப்பிக்கப்பட்டது. 1979 இல் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தை விசாரிக்க ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த ஆணைக்குழுவுக்குக் கெமெனியே தலைமை தாங்கினார். இயந்திரக் கோளாறைவிட மனிதரின் மனப்பாங்கும் நிர்வாக அமைப்புகளுமே முக்கிய பிரச்சினை என அக்குழு முடிவு செய்தது. 1992 டிசம்பர் 26 இல், 66 ஆவது வயதில் அவர் காலமானார்.

இன்றைய பெரும் செயற்கை நுண்ணறிவு முறைமைகளை உருவாக்கத் தேவையான கணிப்பு வலு, பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. அறையின் சாவி மீண்டும் ஒரு சிலரின் கைக்கே போய்ச் சேர்ந்துள்ளது. எமது பல்கலைக்கழகங்கள் அத்தகைய இயந்திரங்களை வாங்க முடியாதிருக்கலாம். ஆனால், இருக்கும் கணினிக் கூடங்களைத் தமிழும் வரலாறும் இஸ்லாமிய கற்கைகளும் பயிலும் மாணவருக்கும் திறந்துவிடுவதற்குப் பெரும் செல்வம் தேவையில்லை. அறிவு யாருக்கு உரியது என்ற கேள்விக்கு ஓர் அகதிச் சிறுவன் வளர்ந்து அளித்த விடையை எமது கல்விமான்கள் மனதிற்கொள்ள வேண்டும்.