துயர் வென்ற தாகூர்

இன்பமும் துன்பமும் விரவியதே மக்கள் வாழ்க்கை. துன்பம் வந்துற்றபோது செய்வதறியாது சோர்ந்து கிடப்பவர் பலர். அன்றாடக் கடமைகளை வழுவாது ஆற்றி, அதனால் தம் உள்ளத்தைத் தேற்றிக்கொள்பவர் சிலர். அச்சிலருள் ஒருவர், வங்கம் ஈன்ற கவியரசர் இரவீந்திரநாத் தாகூர்.

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் தோன்றினார். தந்தையார் தேவேந்திரநாதர், தாயார் சாரதா தேவியார். 1873ஆம் ஆண்டில், பூணூல் அணிந்த சிறுவராகிய தாகூரைத் தந்தையார் இமயமலைக்கு அழைத்துச் சென்றார். வழியில் போல்பூருக்கு அருகே, தமக்கு உரிய சாந்திநிகேதனத்தில் சில நாள் தங்கினார். பின்னர் இருவரும் டல்ஹௌசி மலையை அடைந்தனர். அங்குத் தந்தையார் கதிரவன் எழுமுன்னரே மகனைத் துயிலெழுப்பி வடமொழி பயிற்றுவார், இறைவனை வழிபடுவார், மகனுடன் மலைவழியே உலாவி வருவார், பனிபோற் குளிர்ந்த நீரில் அவனை நீராடச் செய்வார். அன்று படிந்த வைகறைப் பழக்கம் தாகூரை முதுமையிலும் விட்டு நீங்கவில்லை.

1901ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தாகூர் சாந்திநிகேதனத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்போது பயின்ற மாணவர் ஐவரே. அவர் மனைவியார் மிருணாளினி தேவியார் தம் அணிகலன்களை விற்றுப் பள்ளிக்குப் பொருள் உதவினார். மாணவர்க்குத் தாம் பெற்ற மக்களுக்கே போல உணவு சமைத்து அளித்தார். மாணவர்கள் விடியுமுன் எழுந்து, தம் அறைகளைத் தாமே துப்புரவு செய்து, நீராடி, அமைதியாக அமர்ந்து இறைவனை எண்ணுவர். அதன்பின் மரநிழலில் பாடம் கேட்பர்.

பள்ளி தோன்றி ஓராண்டும் நிறையவில்லை. அம்மையார் கொடிய நோய்வாய்ப்பட்டார். தாகூர் இரவு பகலாக அருகிருந்து தம் கையாலேயே பணிவிடை செய்தும், 1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அம்மையார் உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன் மகள் இரேணுகாவைக் காசநோய் பற்றியது. நல்ல காற்றை நாடித் தாகூர் அவளை அல்மோரா மலைக்கு அழைத்துச் சென்றார். நோயுற்ற மகளைப் பேணிய அந்நாட்களிலேயே, குழந்தைகளின் உள்ளம் கனிந்த பாடல்கள் பலவற்றை இயற்றினார். எனினும் 1903ஆம் ஆண்டில் மகளும் மறைந்தாள். 1905இல் தந்தையாரும் காலமானார்.

இளைய மகன் சமீந்திரநாதன் தந்தையைப்போலவே கலையார்வம் மிக்கவன். 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இளவேனிலை வரவேற்கும் விழா ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளோடு அவன் நடத்தினான். அவ்வாண்டு நவம்பரில் விடுமுறைக்கு முங்கேர் நகருக்குச் சென்றவன், பதினோராண்டும் நிரம்பாத இளமையில் வாந்திபேதிக்கு இரையானான். மனைவியை இழந்த அதே திங்களில் மகனையும் இழந்த தந்தையின் துயரத்தை எவ்வாறு அளவிடுவது!

எனினும் தாகூர் பள்ளியைக் கைவிட்டாரல்லர். என்றும்போல் வைகறையில் எழுந்தார்; கீழ்த்திசை வெளுக்கும்வரை தனித்திருந்து தியானம் செய்தார்; மாணவர்க்குப் பாடம் சொன்னார்; அவர்களுக்கெனப் பாட நூல்களும் எழுதினார். மறு ஆண்டிலேயே கூதிர்ப் பருவத்தின் களிப்பைக் கூறும் சாரதோற்சவம் என்னும் நாடகத்தைப் பள்ளிச் சிறுவர்க்காக இயற்றினார். மகன் தொடங்கிய பருவ விழாவும் சாந்திநிகேதனத்தில் நிலைபெற்று வளர்ந்தது. தம் ஒரு மகனை இழந்தவர், பிறர் பெற்ற பிள்ளைகள் அனைவரையும் தம் மக்களாகக் கொண்டார்.

அவர் துயரை மறந்தார் என்பது பொருளன்று. மனைவியார் பிரிவை எண்ணி அவர் பாடிய பாடல்களே ஒரு நூலாகும். துயர் உள்ளே இருப்பினும், ஒழுங்குபட்ட நாளும் பிறர்க்கு ஆற்றும் பணியும் அவரை வீழாமல் தாங்கின. 1910இல் வங்கமொழியில் கீதாஞ்சலி வெளிவந்தது. 1913இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. ஐவரோடு தொடங்கிய பள்ளியிலிருந்து 1921இல் விசுவபாரதி மலர்ந்தது. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் தாகூர் புகழுடம்பு எய்தினார்.

அன்புடையார் பிரிவால் அழுவது குற்றமன்று. அழுதவாறே கடமையை மறந்து கிடத்தலே தீது. காலத்தில் எழுதல், உடலைத் தூய்மையாகப் பேணல், சிறிது நேரம் உள்ளத்தை ஒருமைப்படுத்தல், பிறர்க்கு உதவுதல் ஆகிய எளிய பழக்கங்களை இன்பக் காலத்திலேயே கைக்கொண்டவரைத் துன்பக் காலத்தில் அவை கைவிடா என்பதைத் தாகூரின் வாழ்க்கை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.