நூறு பேருக்கு ஒரு பாட்டு

மலருக்கு ஏதாவது எழுதுடா என்று நம்ம செட் நண்பன் போனில் கேட்டபோது, மெஷினைப் பற்றி எழுத மனசு வரவில்லை. நம்ம மண்ணின் கவிஞர் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார்.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-ல் மோகனூரில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர். கவிஞர் முதலில் பெயர் வாங்கியது பாட்டில் அல்ல, படத்தில். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து டில்லியில் தங்கப் பதக்கம் பெற்றார். பிறகு அதே மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் பாட்டும் எழுதினார்.

1930 ஏப்ரல் 13. ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 150 மைல், அதுவும் சித்திரை வெயிலில். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் விடுவார்களா? பொட்டலம் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். அந்த நடைக்கென்றே கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டு 28-ந் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். ஆயுதம் தொடாத சண்டைக்கு அழைக்கும் அந்தப் பாட்டு உங்களுக்கும் தெரிந்ததுதான்.

ரெசொனன்ஸ் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1831-ல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலத்தில் 74 சிப்பாய்கள் ஒரே சீராக அடி வைத்ததில் பாலமே சரிந்தது. காலடி ஒன்றானால் அவ்வளவு பலம். பாட்டு காலடியை மட்டுமல்ல, மனசையும் ஒன்றாக்கிவிடுகிறது. தனி ஆளாக இருக்கும்போது வருகிற பயம், கூட்டத்தோடு பாடும்போது வருவதில்லை.

இது நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. முதலாம் ஆண்டு ஹாஸ்டலில் வீட்டு நினைப்பு தாங்காமல், படிப்பே வேண்டாம் என்று பெட்டி கட்டி வைத்திருந்தேன். மறுநாள் ஆகஸ்ட் 15. கொடியேற்றியதும் சீனியர் ஒருவர் இந்தப் பாட்டை ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்தார்கள். நானும் பாடினேன். பாதியில் குரல் கம்மி, கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் தோளில் கை போட்டார். அவ்வளவுதான். அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

கவிஞர் 1932-ல் சிறை சென்றார். 1949-ல் அரசவைக் கவிஞரானார். 1971-ல் பத்மபூஷண் பெற்றார். 1972 ஆகஸ்ட் 24-ல் காலமானார். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். ஊர்ப்பக்கம் வரும்போது குழந்தைகளோடு ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

மலர் வெளியீடு முடிந்ததும் அந்தப் பாட்டை நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை பாடலாமா? சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை!