மகாத்மா காந்தியின் கட்டிளமைப் பருவமும் பெற்றோரின் வளர்ப்பு முறையும்

கட்டிளமைப் பருவத்தினர் சிலர் புகைத்தல், பொய் சொல்லுதல், களவெடுத்தல் போன்ற பிரச்சினை நடத்தைகளில் ஏன் ஈடுபடுகின்றனர்? அவர்கள் எவ்வாறு திருந்துகின்றனர்? இதனை விளங்கிக்கொள்ள மகாத்மா காந்தியின் வாழ்க்கை சிறந்த எடுத்துக்காட்டாகும். தமது இளமைக்காலத் தவறுகளை அவரே தமது சுயசரிதையில் மறைக்காது எழுதியுள்ளார்.

குடும்பமும் ஆளுமையும்

மோகன்தாஸ் காந்தி 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் சமஸ்தானத் திவானாகப் பணியாற்றியவர். நேர்மையானவர், முன்கோபி. ஆயினும் பிள்ளைகளை அடித்து வளர்த்தவரல்லர். தாய் புத்லிபாய் விரதங்களைத் தவறாது கடைப்பிடித்தவர்.

சிறுவன் மோகன்தாஸ் கூச்ச சுபாவம் உடையவர். பாடசாலை முடிந்ததும் எவருடனும் பேச நேராதபடி வீட்டுக்கு ஓடிவிடுவார். இருளுக்கும் பாம்புக்கும் அஞ்சினார்.

பிரச்சினை நடத்தைகள்

உறவினரான சிறுவன் ஒருவனுடன் சேர்ந்து புகைக்கப் பழகினார். அதற்காக வேலையாளின் சில்லறைக் காசைத் திருடினார். பின்னர், அச்சமற்ற, உடல் வலிமை மிக்க நண்பன் ஒருவன் அவரைக் கவர்ந்தான். அவனைப் போல் தாமும் வலிமை பெறலாம் என நம்பி, மரக்கறி உணவையே உண்ணும் குடும்பத்துக்குத் தெரியாமல் இறைச்சி உண்டார். அந்நாட்களில் வீட்டில் பசியில்லை எனத் தாயிடம் பொய் கூறினார். இப்பொய்யே மனதை உறுத்தியதால் அப்பழக்கத்தைக் கைவிட்டார்.

15ஆவது வயதில், அண்ணனின் 25 ரூபா கடனைத் தீர்க்க அவரது காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டி எடுத்தார். குற்ற உணர்வு தாளாது, தண்டனை கோரி ஒப்புதல் கடிதம் எழுதி, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். கோபிப்பார் என எதிர்பார்த்த தந்தை கண்ணீர் வடித்தார், கடிதத்தைக் கிழித்துவிட்டார். அடி வாங்கியிருந்தால் மறந்திருக்கலாம். அக்கண்ணீரை மகன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1885இல் தந்தை காலமானார்.

தந்தையாகக் காந்தி

காந்தியின் மூத்த மகன் ஹரிலால் 1888இல் பிறந்தார். தந்தையைப் போல் இங்கிலாந்து சென்று சட்டம் கற்க விரும்பினார். முறைசார் கல்வியை விடப் பொதுப்பணியே மேலானது எனக் கருதிய காந்தி அதற்கு இணங்கவில்லை. 1911இல் ஹரிலால் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். பின்னர் மதுவுக்கு அடிமையானார். 1948 ஜனவரியில் காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஹரிலாலும் மறைந்தார்.

மலையகத்தில் காந்தி

1927 நவெம்பரில் இலங்கை வந்த காந்தி, கண்டி, பதுளை முதலிய இடங்களுக்கும் சென்றார். தோட்டத் தொழிலாளரிடம் மதுவைக் கைவிடுமாறு வேண்டினார். மது குடும்பத்தை எவ்வாறு சிதைக்கும் என்பது அவர் தம் வீட்டிலேயே கண்ட உண்மை.

விளங்கிக்கொள்வோம்

அமெரிக்க உளவியலாளர் டயானா பௌம்றின்ட் 1960களில் மூன்று வளர்ப்பு முறைகளை வகுத்தார்.

1. அதிகார முறை: கட்டுப்பாடு அதிகம், அரவணைப்புக் குறைவு.
2. தளர்வு முறை: அரவணைப்பு உண்டு, கட்டுப்பாடு இல்லை.
3. நெறிப்படுத்தும் முறை: அன்பும் ஒழுங்கும் சேர்ந்தது, பிள்ளையின் கருத்துக்கும் இடமுண்டு.

மூன்றாவது முறையில் வளரும் பிள்ளைகளிடம் பிரச்சினை நடத்தைகள் பொதுவாகக் குறைவு. எனினும் வளர்ப்பு முறை மட்டுமே காரணமன்று. பிள்ளையின் ஆளுமை, சகபாடிகள், சூழல் என்பனவும் செல்வாக்குச் செலுத்தும். ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் அதிகாலையிலேயே கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்கும், வெளிநாட்டில் உழைக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுடன் செலவிடக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்திலும் பிள்ளை அச்சமின்றி உண்மை பேச இடமிருந்தால் தவறுகள் தொடக்கத்திலேயே திருத்தப்படும்.

மாதிரி வினாக்கள்

1. காந்தியின் கட்டிளமைப் பருவத்தில் காணப்பட்ட பிரச்சினை நடத்தைகள் மூன்றினைக் குறிப்பிடுக.
2. சகபாடிச் செல்வாக்குக்கு அவர் உட்பட்டமைக்கு அவரது ஆளுமை எவ்வாறு காரணமாயிற்று?
3. கரம்சந்தின் செயலையும், ஹரிலாலின் கல்வி தொடர்பில் காந்தி எடுத்த முடிவையும் ஒப்பிட்டு விளக்குக.