பசிப்பிணி தீர்த்த வேதநாயகர்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும், தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை இயற்றியவர் என்று நீங்கள் உடனே விடை கூறுவீர்கள். (கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பல பாடிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வேறு, இவர் வேறு.) ஆயினும், அப்பெரியார் பஞ்சகாலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த வரலாற்றை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள், கத்தோலிக்கக் குடும்பத்தில் இவர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்து, நீதிமன்றத்தில் அலுவல் ஏற்று, பின்னர் முன்சீப் என்னும் நீதிபதியாக உயர்ந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். வழக்குக்கு வருவோரிடம் கைக்கூலி பெறுதலை வன்மையாகக் கண்டித்து, 1859 இல் வெளிவந்த தம் நீதிநூலில் பாடினார். பாடியவாறே வாழ்ந்தும் காட்டினார். நாற்காலியில் அமர்ந்தபின் அவ்வாறு வாழ்வது எளிதன்று.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடிய பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் அதனை அழைத்தனர். மழை பொய்த்தது, நெல் விலை ஏறியது, 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பர் வரலாற்றாசிரியர். அக்காலத்திலும் அதன் பின்னரும் நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தோர் பலர். நம் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் சிலவற்றின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளையவர்கள் அப்பொழுது பதவியில் இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. எனினும், வறியவர் வாடுவதைக் கண்டு அவர் வாளாவிருக்கவில்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டு, மாயூரத்தில் பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்க்கச் செய்தார். வந்தவர் எச்சமயத்தார், எச்சாதியார் என்று அவர் பார்த்தாரில்லை. பசித்தவனுக்கு உணவளிப்பது ஆண்டவருக்கே அளிப்பதாகும் என்னும் வேத போதனையை அவர் மேடையேறிப் பேசவில்லை. அடுப்பு மூட்டிக் காட்டினார்.

திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவருடைய நெருங்கிய நண்பர். அவரும் பஞ்சத்தில் பலருக்கு அன்னமிட்டார். அவ்வறத்தைப் போற்றிக் கத்தோலிக்கராகிய பிள்ளை செய்யுள் பாடினார். திருநீறணிந்த துறவியும் சிலுவையை வணங்கிய இல்லறத்தாரும் ஒரே பசியைத் தீர்க்க முனைந்த அக்காட்சியை மனக்கண்ணால் கண்டு பாருங்கள்!

பஞ்சம் நீங்கி மழை பொழியுமாறு இறைவனை இறைஞ்சும் கீர்த்தனைகளையும் அவர் இயற்றினார். 1878 இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை எம்மதத்தாரும் பாடத்தக்கது. அதனாலன்றோ சைவ, வைணவப் பாடகரும் அவர் பாடல்களைக் கச்சேரிகளில் பாடிவருகின்றனர்! பெண்கல்வியை வலியுறுத்திப் பெண்மதி மாலை என்னும் நூலையும் 1869 இல் அவர் வெளியிட்டிருந்தார்.

1889 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை இறைவனடி சேர்ந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்தில் வாழ்ந்த சிவபக்தர். சிவபெருமானையே பாடிய அவர், பிள்ளையின் பஞ்சகாலக் கொடையைக் கண்டு நெகிழ்ந்து, அவர்மீது ஒரு கீர்த்தனை பாடினார்.